மேனேஜர் உறுமுவதில்லை

வேகவைத்த ஈரலை அவர் கத்தியால் வெட்டுவதில்லை, கத்தரிக்கோலால் நறுக்குகிறார். ஒரு துண்டுகூடச் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. அச்சகத்தின் பின்பக்கக் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட மைவாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து, மடியில் எவர்சில்வர் டப்பாவை இடுக்கிக்கொண்டு நறுக்குவார். முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, கத்தரியில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை அதால் வழித்து டப்பாவில் தள்ளுவார். பிறகு கார்டைக் கால்சட்டையில் துடைத்து மறுபடி பையில் செருகிக்கொள்வார்.

"கொஞ்சம் பெரிசா போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"பெரிசா போட்டா மென்னுக்கிட்டே நம்மள மறந்துடும் சார். சின்னதா போட்டாதான், இன்னொண்ணு வருமான்னு நம்ம மூஞ்சியப் பாக்கும்."

சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவியைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பயந்துபோயிருக்கும் நாயின் முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று, தரையைப் பார்த்து, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டால், இந்த ஆளால் ஆபத்து ஒன்றுமில்லை என்று அதற்குத் தோன்றுமாம். கடிக்கிற நாய்களைப் பழக்குவதுதான் இவர் தொழில் என்பதால் நாள் முழுக்க இதையே செய்கிறார். இப்போது மனிதர்கள் முன்னாலும் அதுவாகவே வந்துவிடுகிறது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு நாள் வந்து, மாடிப்படி முழுக்க ஈரல் நாற்றம் என்று கத்தியிருக்கிறார். இவர் பக்கவாட்டில் திரும்பி, தரையைப் பார்த்து, வாயைப் பிளந்திருக்கிறார். நாய்க்கு அது மரியாதை, வீட்டுச் சொந்தக்காரருக்கு அது திமிர். இவர் மனைவி குறுக்கே வந்து விழுந்ததால் கைகலப்பு வரை போகவில்லை. எது தொழில் கொட்டாவி, எது அசதிக் கொட்டாவி என்று இப்போதெல்லாம் இவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஐம்பதைத் தாண்டி நாளாயிற்று. இடது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைத் தொடாது. பேருந்தில் இவர் பக்கத்து இருக்கை நிறுத்தத்துக்கு நிறுத்தம் காலியாகும். தெருவில் இறங்கி நடந்தால் பூனைகள் பின்னால் வரும். "நாய்க்காரருக்குப் பூனை ஊர்வலம்" என்று எங்கள் அச்சகத்தில் சிரிப்போம். இவருடைய கால்சட்டைகளுக்கென்று வீட்டில் தனி வாளி இருக்கிறது. மனைவி ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். கணவர் டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வரும் நாட்களில் அதைக் கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான். "ஊர்ல எல்லாரும் ரத்தம் குடுக்க எங்ககிட்ட வர்றாங்கண்ணே. எங்க வீட்டுக்காரர் மட்டும் நாய்கிட்ட போய்க் குடுக்கறாரு" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். டப்பாவை நீட்டியபடி கணவரிடம், "நாய்க்கு ஈரல், எனக்கு உறுமல்" என்றார். அவர் திரும்பி நின்று கொட்டாவி விட்டார்.

இவருக்கு ஊரில் இரண்டு பட்டப்பெயர்கள். பழைய ஆட்கள் "சங்கிலி" என்கிறார்கள், புதியவர்கள் "ஈரல்காரர்" என்கிறார்கள். ஒருவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதை வைத்தே எத்தனை காலப் பழக்கம் என்று கண்டுபிடித்துவிடலாம். எங்கள் முதலாளிக்கு இவர் சங்கிலிதான்.

அந்தக் காலத்தில் இவர் கையில் ஒரு இரும்புச் சங்கிலி இருக்கும். இழுத்தால் நாயின் கழுத்தை இறுக்கும், விட்டால் தளரும். நாய் உறுமத் தொடங்கும், அதே நொடியில் மணிக்கட்டால் சங்கிலியை ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். உறுமல் தொண்டையிலேயே நின்றுவிடும். மறுபடி உறுமினால் மறுபடி ஒரு வெட்டு. அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், கோபமும் கிடையாது. பல் வைத்தியர் பல்லைப் பிடுங்குகிற மாதிரி சுத்தமான வேலை என்று முதலாளி இன்றைக்கும் புகழ்கிறார்.

"அப்புறம் ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"வேலை செஞ்சுது சார். அதான் கஷ்டம்."

எனக்குப் புரியவில்லை. ஒரு துண்டு ஈரலை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னார். "உறுமினா வலிக்கும்னு நாய்க்குப் புரிஞ்சுது. உறுமறத விட்டுடுச்சு. வீட்டுக்காரங்களுக்கு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். ஆனா அதுக்கு உள்ள இருந்த பயம் எங்கயும் போகல சார். அப்படியே உக்காந்திருக்கு. வாசல்ல இருந்த மணியை நான் கழட்டிட்டேன். அவ்வளவுதான்."

மடங்காத இரண்டு விரல்களும் அந்தப் பாடத்தின் கூலி. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வீட்டுக்கு டீ குடிக்கப் போயிருக்கிறார். இவர் அமைதியாக்கிய நாய் கதவருகே படுத்திருந்தது. குனிந்து தலையைத் தடவப்போனார். "என் நாய்தான் சார். நான் பழக்கினதுதான். நான் சொல்லிக்குடுத்த மாதிரியே சத்தம் போடாம கடிச்சுது." அதற்குப் பிறகுதான் சங்கிலி போய் ஈரல் வந்தது.

ஈரலைப் பற்றியும் இவருக்குப் பெரிய மயக்கம் கிடையாது. "பயந்த வாய்க்கு ருசி தெரியாது சார். ரொம்ப பயந்து நிக்கற நாய் முன்னாடி தங்கத்தையே வேகவெச்சுப் போட்டாலும் திரும்பிப் பாக்காது. அது பயப்படாத தூரத்துல நின்னு போடணும். அந்தத் தூரம் எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள நம்ம ஆயுசு போயிடும்." இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குள் இப்போது இரண்டு கட்சிகள் இருக்கின்றனவாம். கைபேசி வீடியோக்களில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். "சங்கிலிக் கட்சிக்காரன் என்னைக் கோழைங்கறான். தீனிக் கட்சிக்காரன் என்னைக் கொலைகாரன்ங்கறான். ரெண்டு பேரும் என்னை இழுக்கறாங்க. நான் என்ன நாயா? அலுத்துப்போச்சு சார்" என்றார். உண்மையிலேயே அலுத்துப்போன முகம் அது. அதைப் பார்த்த அசதியில் எனக்கும் கொட்டாவி வந்தது.

இவரை நான் இத்தனை அருகில் இருந்து பார்க்கக் காரணம் மேனேஜர்.

நான் இந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மேனேஜர் இங்கே நாய். குட்டியாக வந்ததிலிருந்து பின்கட்டு வாசலில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனை எல்லாம் முறைத்துப் பார்த்துக்கொண்டு, தானாக ஒரு வேலையும் செய்யாமல் இருந்ததால் முதலாளி வைத்த பெயர். பெயர்ப் பொருத்தம் யாரையும் புண்படுத்தவில்லை, ஏனென்றால் அச்சகத்தில் வேறு மேனேஜர் இல்லை. கறுப்பும் பழுப்புமாகக் கன்றுக்குட்டி உயரம். எனக்கு நாய் என்றாலே ஆகாது. நான் போகும்போதும் வரும்போதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடப்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு மேனேஜர் நன்றாக உறுமிக்கொண்டிருந்தது. காகித லாரிக்காரர்களைக் கண்டால் உறுமும். பாக்கி கேட்க வருகிறவர்களைக் கண்டாலும் உறுமும், அதை முதலாளி கண்டுகொள்ள மாட்டார். ஆனால் பெரிய வாடிக்கையாளர் ஒருவரைப் பார்த்து உறுமிய அன்று சங்கிலியைக் கூப்பிட்டு அனுப்பினார். சில வாரங்களில் மேனேஜர் ஊமையானது. மகிழ்ந்துபோன முதலாளி இவருக்கு ஒரு பெட்டி நிறைய விசிட்டிங் கார்டு அடித்துப் பரிசாகக் கொடுத்தார். ஈரல் வழிக்கும் அந்தக் கார்டுதான். வாங்கிப் பார்த்தேன். "நாய்களை அமைதிப்படுத்துபவர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பிழை பார்த்தவன் நான்தான். அன்றைக்கு ஒரு பிழையும் எனக்கு அகப்படவில்லை.

தன் விரல்கள் மடங்காமல் போன பிறகு இவர் ஒரு தடவை இங்கே வந்து முதலாளியிடம் சொல்லிப்பார்த்திருக்கிறார். "மேனேஜரைத் திரும்பப் பழக்கணும் முதலாளி, நான் செஞ்சது தப்பு" என்றாராம். "நல்லா அமைதியா கிடக்கான். நீ எதுக்குப்பா கெடுக்கறே?" என்று சிரித்து அனுப்பிவிட்டார் முதலாளி.

போன மாதம் மேனேஜர் பைண்டரைக் கடித்தது.

பைண்டர் எங்கள் அச்சகத்திலேயே மூத்தவர். தினமும் டீ நேரத்தில் தன் பன்னில் பாதியை மேனேஜருக்குப் பிய்த்துப் போடுகிறவர். அன்று பசைத் தூரிகை கை நழுவி மேனேஜரின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. எடுக்கக் குனிந்தார். மேனேஜர் தலையைத் தூக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை, ஒரு சத்தம் இல்லை. முழங்கைக்குக் கீழே சதை கிழிந்து தொங்கியது. நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். பைண்டரின் அலறலைத்தான் கேட்டேன், நாயின் குரலை இல்லை.

முதலாளியின் வீடு அச்சகத்துக்கு மேல்மாடியில். அவருடைய மகள் இந்த ஊரில் வேலை கிடைத்து, அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த குழந்தையோடு அங்கே குடிவருவதாக இருந்தாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. முதலாளி வாழ்நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர். மெஷின் ஓடாதபோதும் அதற்கு மேல்தான் பேசுவார். கைபேசியையும் ஊருக்கே கேட்கும்படி வைத்துத்தான் பேசுவார் என்பதால் மகள் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அப்பா, நாய் கடிக்கும்னு எனக்குப் பயமில்ல. சொல்லாம கடிக்குதே, அதுதான் பயம். கடிக்கறதுக்கு முன்னாடி அது ஒரு சத்தம் போடுமா? போடும்னா கீழயே கம்பிக் கதவுக்குப் பின்னால இருந்துட்டுப் போகட்டும். நான் பாத்துக்கறேன். போடாதுன்னா நான் வர்றதுக்குள்ள டாக்டரைக் கூப்பிட்டு முடிச்சிடுங்க."

"அவன் பாவம்மா..."

"என் பிள்ளை பாவமில்லையா?"

மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை மாலை வந்து ஊசி போடும்படி கால்நடை மருத்துவரிடம் சொல்லிவைத்தார். சொல்லிவிட்டு பின்கட்டுக்குப் போய், மேனேஜருக்குப் பக்கத்தில் ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய்ச் சங்கிலிக்கு ஆள் அனுப்பினார்.

யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று நான் இவரைக் கேட்டேன். "சொல்லாம கடிக்கற நாயை யார் தலையில கட்டறது சார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இவர் வந்த முதல் நாள் பைண்டர் கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"வா சங்கிலி. வந்து உன் வேலையைப் பாரு."

இவர் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பவில்லை, கொட்டாவியும் விடவில்லை.

"தினமும் என் கையால தின்ன வாய் இது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒதுங்கியிருப்பேனே. நான் என்ன அதோட சொத்தையா எடுக்கப் போனேன்?"

"அது வாயை அடைச்சது நான்தாண்ணே."

"தெரியுதில்ல?"

"தெரியுது."

"தெரிஞ்சு என்ன பண்றது இப்போ?"

"திறக்க முடியுமான்னு பாக்க வந்திருக்கேன்."

"திறந்தா மொதல்ல உன்னைத்தான் வையும்."

"வையட்டும்ணே. அதுக்குத்தான் வந்தேன்."

பைண்டர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு வழியை விட்டார். ஆனால் போகவில்லை. அந்த வாரம் முழுக்க, ஒற்றைக் கையால் காகிதம் மடித்தபடி, கொட்டகை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க அலுப்பாக இருந்தது. மேனேஜரை இரும்புத் தூணில் நீளக் கயிற்றில் கட்டினார். கயிறு எட்டுகிற இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு உள்ளே தட்டில் காய்ந்த ரொட்டித் துண்டுகள். மேனேஜர் தின்னத் தொடங்கியதும் தூரத்திலிருந்து, நேராக இல்லாமல் வளைந்து, ஏதோ வேறு வேலையாகப் போகிறவர் மாதிரி தட்டை நோக்கி நடப்பார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஈரல் துண்டைத் தட்டில் எறிவார். ஓர் இடத்தில் மேனேஜரின் தாடை அசைவது நிற்கும். காது பின்னால் போகும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரி தெரியும். உடனே திரும்பி வந்துவிடுவார். மைவாளி மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிடுவார். மறுபடி எழுந்து போவார்.

முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னப்பா, அவன் முறைச்சா நீ ஓடி வர்றே? அடியாத மாடு படியாதுன்னு சொல்லியிருக்காங்க."

"மாட்டைப் பத்தி எனக்குத் தெரியாது முதலாளி."

"அடி உதவற மாதிரி அண்ணன் தம்பிகூட உதவமாட்டான்."

நம் மொழியில் நாய்க்கும் அடிக்கும் பழமொழிப் பஞ்சமே கிடையாது. ஒற்றைக் கையால் காகிதம் மடித்துக்கொண்டிருந்த பைண்டர், "நாயை அடிப்பானேன்னும் ஒண்ணு இருக்கு, முதலாளி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அந்தப் பழமொழியின் மறுபாதியையும் உரக்கச் சொன்னார். அதைப் பத்திரிகையில் போட முடியாது.

இவர் பொறுமையாக விளக்கினார். "ஈரல் நான் கிட்ட வர்றதுக்கு. ஆள் வந்தா நல்லது வருதுன்னு அதுக்குப் புரியணும். நான் விலகறது அது சொன்னதுக்கு. காதைப் பின்னால கொண்டுபோச்சு பாருங்க, அது பேச்சு. பேசினா கேப்பாங்கன்னு அதுக்கு நம்பிக்கை வரணும். நம்பிக்கை வந்தாதான் வாயைத் திறக்கும்."

"உறுமறதுக்கு மரியாதை குடுக்கற ஒரே ஆள் நீதான்பா."

"குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்றாங்களே, ஏன்? குரைச்சா நாம விலகிடறோம். அப்புறம் அது யாரைக் கடிக்கும்?" என்றவர், முதலாளியைப் பார்த்து முதன்முதலாகக் குரலில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஒருவேளை அது உறுமினா, நீங்க அதட்டிடக் கூடாது. நீங்க போடற ஒரு 'சீ'யில இத்தனையும் போயிடும்."

"எனக்கு அது தன்னால வந்துடும்பா. உறுமினா 'சீ'ன்னு சொல்லணும்னு நீதானே எனக்குப் பழக்கினே?"

இவர் தரையைப் பார்த்தார்.

நாட்கள் போயின. வியாழக்கிழமைக்குள் மேனேஜர் இவரைக் கண்டதும் வாலை ஆட்டத் தொடங்கியது. தட்டுக்குப் பக்கத்தில் வந்தாலும் இவர் முகத்தைத்தான் பார்த்தது. "பழகிட்டான்! பாரு, வாலை ஆட்டறான்!" என்று முதலாளி குதித்தார். எனக்கும் நம்பிக்கை வந்தது. இவருக்கு மட்டும் முகம் இன்னும் தொங்கிவிட்டது.

"என்கிட்ட கடிக்காது சார். ஈரல் வருதே, எதுக்குக் கடிக்கணும்? குழந்தை கையில ஈரலா இருக்கும்?" என்றார் டீக்கடை பெஞ்சில். "அது காதையும் கண்ணையும் நான் பாப்பேன். நீங்ககூட இப்போ பாக்கறீங்க. தத்தி நடக்கற பிள்ளை பாக்குமா? அந்தப் பொண்ணு அடுப்படியில இருந்துக்கிட்டுப் பாக்குமா? காதுல விழணும் சார். சத்தம் வேணும்." டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார். பக்கத்தில் உட்கார வந்தவர் மோப்பம் பிடித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமையும் சத்தம் வரவில்லை. அன்று மாலை கிளம்பும்போது டப்பாவை மூட மறந்துவிட்டார். இரண்டு பூனைகள் கொட்டகைக்குள்ளேயே வந்து காலைச் சுற்றின. இவர் அவற்றை விரட்டவில்லை. எனக்கு நாய் ஆகாதுதான். இருந்தாலும் அன்றைக்கு வெளியே போகும்போது மேனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். அது தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் மெஷின்களை நிறுத்தியாயிற்று. மருத்துவர் மாலையில் வருவார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன மகள் அன்றைக்கே குழந்தையோடு வந்து இறங்கிவிட்டாள். மேலே போகாமல், பெட்டியை அலுவலக அறையில் வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போகும் வழியில் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "வந்துட்டேம்பா. முடிஞ்சுதா?" என்றாள். முதலாளி இல்லை என்று தலையசைத்தார்.

இவர் பைண்டரிடம் போய், "அண்ணே, அந்தப் பசைத் தூரிகையைக் குடுங்க" என்று கேட்டார். பைண்டர் அவரை ஒரு நொடி பார்த்துவிட்டு, நல்ல கையால் எடுத்துக் கொடுத்தார்.

ரொட்டித் தட்டைக் கோட்டுக்குச் சற்று உள்ளேயும், தூரிகையைக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியேயும் வைத்தார். மேனேஜரின் கயிற்றை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஈரல் டப்பாவை முதலாளியின் கையில் கொடுத்து, தனக்கு நேர் பின்னால் நிற்கச் சொன்னார். முதலாளி இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

"இத்தனை நாளா அது காதை அசைச்ச உடனே விலகினேன் சார். சின்னதா சொன்னாலும் கேப்பான்னு அதுக்கு இப்போ தெரியும். இன்னைக்கு எனக்குக் காது கேக்காது. சின்னதா சொன்னது கேக்கலன்னா, நாமெல்லாம் என்ன செய்வோம்?"

மேனேஜர் ரொட்டியைத் தின்னத் தொடங்கியது. இவர் வழக்கம்போல் வளைந்து போனார். ஈரல் எறியவில்லை. தூரிகைக்கு முன்னால் மடங்காத காலை நீட்டி, மற்றக் காலில் மெல்ல மெல்லக் குனிந்தார். மேனேஜரின் தாடை நின்றது. இத்தனை நாளும் அந்த இடத்தில்தான் திரும்பிவருவார். இன்று வரவில்லை. மேனேஜரின் காதுகள் பின்னால் போயின. கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்தது. இவர் தூரிகையை நோக்கிக் கையை நீட்டினார், அந்த இரண்டு விரல்கள் மடங்காத கையை. பைண்டர் காகிதம் மடிப்பதை நிறுத்திவிட்டார். கை நீட்டிய இடத்திலேயே நின்றது. கயிறு ஆடாமல் கிடந்தது. மேனேஜர் பாய்ந்தால் சத்தமில்லாமல்தான் பாயும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் அது என்ன சத்தம் என்றே எனக்குப் புரியவில்லை. பக்கத்து அறையில் யாரோ மெஷினைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மெஷின் ஓடவில்லை. கரகரவென்று, நடுவில் ஒரு தடவை அறுந்து, பிறகு மறுபடி பிடித்துக்கொண்டு, மேனேஜரின் மார்புக்குள்ளிருந்து வந்தது. மேலுதடு நடுங்கி உயர்ந்தது. கதவருகே மகள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏய்! மேனேஜர்! சீ..." என்று முதலாளி வாயைத் திறந்தார்.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியபடி ஓரடி பின்னால் வந்தார். இன்னும் ஓரடி. மற்றக் கையைப் பின்னால் கொண்டுபோய், ஈரல் நாறும் அந்த உள்ளங்கையால் முதலாளியின் வாயைப் பொத்தினார். உறுமல் தானாகச் சொல்லி முடிக்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.